பெருக்குவதா, வகுப்பதா? அலகு மாற்றத்தில் தடுமாறாமல் இருக்க ஒரு வழி

என் வேலை கணக்குச் சரிபார்ப்பது. குழாய், பம்ப், தொட்டி, அழுத்தக் கலன் என்று எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் போடப்படும் கணக்குத் தாள்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கணக்கு போடுகிறவர்கள் நன்றாகப் படித்தவர்கள். கடினமான சமன்பாடு எதையும் அவர்கள் அஞ்சுவதில்லை. ஆனால் கேலனை லிட்டராக்கும் இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். "மேடம், இதை 3.785-ஆல பெருக்கணுமா, வகுக்கணுமா?" புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

எப்போதும் பெருக்குங்கள், ஆனால் ஒன்றால் பெருக்குங்கள் என்பேன். இதைப் புரிந்துகொண்டால் மாற்று அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

1 கிலோமீட்டரும் 1000 மீட்டரும் ஒரே நீளம். ஆகவே ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்து ஒரு பின்னமாக எழுதினால் அதன் மதிப்பு 1. தலைகீழாக எழுதினாலும் 1 தான். எந்த அளவையும் ஒன்றால் பெருக்கினால் அளவு மாறாது, அதன் எண்ணும் அலகும் மட்டும் மாறும். இரண்டு பின்னங்களில் எதை எடுப்பது என்பதை அலகே சொல்லிவிடும். உங்களுக்கு வேண்டாத அலகு மேலே இருந்தால், அதைக் கீழே கொண்டிருக்கும் பின்னத்தை எடுங்கள். மேலும் கீழும் ஒரே அலகு வந்ததும் இரண்டும் அடிபட்டுப்போகும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம், விநாடிக்கு எத்தனை மீட்டர்? முழுவதும் எழுதிக் காட்டுகிறேன்:

90 கி.மீ./மணி × (1000 மீ./1 கி.மீ.) × (1 மணி/3600 விநாடி)

கி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று: அடித்துவிடுங்கள். மணியும் அப்படியே. மிஞ்சுவது மீட்டர்/விநாடி. எண்களை மட்டும் பார்த்தால் 90 × 1000 ÷ 3600 = 25. விநாடிக்கு 25 மீட்டர். 3.6-ஆல் வகுத்தால் போதும் என்ற குறுக்குவழி பலருக்குத் தெரியும். அந்த 3.6 எங்கிருந்து வந்தது என்பதும் இந்த வரியிலேயே இருக்கிறது: 3600 ÷ 1000.

இப்போது வேண்டுமென்றே பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். 90 கி.மீ./மணியை (1 கி.மீ./1000 மீ.) என்ற பின்னத்தால் பெருக்கினால், மேலே கி.மீ. இரண்டு முறை வந்து நிற்கும், கீழே மீட்டரும் மணியும் இருக்கும். அப்படி ஒரு வேகம் உலகத்தில் இல்லை. தவறு தானாகவே வெளியே வந்துவிட்டது. இந்த முறையை நான் விடாமல் வலியுறுத்துவதற்குக் காரணமும் இதுதான். வெறும் எண்ணை வைத்துப் பெருக்கி வகுத்தால் தவறான விடையும் சரியான விடை மாதிரியே இருக்கும். அலகையும் கூடவே எழுதினால் தவறு மறைந்துகொள்ள இடமில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாத தாளை நான் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

சரி, எதை நினைவில் வைத்துக்கொள்வது? மிகக் கொஞ்சம்தான். 1 அங்குலம் = 25.4 மில்லிமீட்டர். இது தோராயம் அல்ல, துல்லியமான வரையறை. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு கெஜம் 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம் என்று முடிவு செய்தன. கெஜத்துக்கு 36 அங்குலம் என்பதால் 25.4 அதிலிருந்து வந்துவிடுகிறது. அதிலிருந்து மற்ற நீளங்களையும் நீங்களே கட்டிக்கொள்ளலாம். அடிக்கு 12 அங்குலம், எனவே 0.3048 மீட்டர். மைலுக்கு 5280 அடி, எனவே 1609.344 மீட்டர். ஒன்றில்கூட தோராயக் குறி போட வேண்டியதில்லை. கடல் மைல் மட்டும் தனி வழி: அது சரியாக 1852 மீட்டர். கப்பலும் விமானமும் பேசும் 'நாட்' என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

1959-க்கு முன்பு அமெரிக்க அடி சற்றே வேறாக இருந்தது: 1200/3937 மீட்டர். புதிய அடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்குதான். மேசையின் நீளம் அளக்க இது ஒன்றுமே இல்லை. ஆனால் அமெரிக்க நில அளவையில் ஓர் இடத்தின் ஆயங்கள், அதாவது அது எங்கே இருக்கிறது என்று குறிக்கும் எண்கள், பல லட்சம் அடி என்று எழுதப்படும். பத்து லட்சம் அடிக்கு 2 அடி தள்ளிப்போனால் கட்டடத்தின் மூலை எல்லைக்கு வெளியே போய்விடும். அதனால் நில அளவையாளர்களுக்காகப் பழைய அடியையும் தனியாக வைத்திருந்து, 2022 இறுதியில்தான் அதிகாரபூர்வமாக விடை கொடுத்தார்கள். பழைய வரைபடங்கள் கையில் வந்தால் எந்த அடி என்று இன்றும் பார்த்தாக வேண்டும்.

பரப்பும் கன அளவும்

நான் சிவப்பு மையால் அதிகம் வட்டமிடுவது இந்த இடத்தில்தான். 1 மீட்டர் 3.2808 அடி என்று தெரிந்தவர், 50 சதுர மீட்டரை 164 சதுர அடி என்று எழுதிவிடுவார். சதுர மீட்டர் என்றால் மீட்டர் × மீட்டர். அடித்துவிட வேண்டிய மீட்டர்கள் இரண்டு. எனவே பின்னமும் இரண்டு முறை வர வேண்டும்:

50 மீ. × மீ. × (3.2808 அடி/1 மீ.) × (3.2808 அடி/1 மீ.) = 538 சதுர அடி

கன மீட்டர் என்றால் மூன்று முறை. 3.2808-ஐ மூன்று முறை பெருக்கினால் 35.31. ஆகவே ஒரு கன மீட்டரில் 35.31 கன அடி. மெட்ரிக்குக்குள்ளேயே இந்தச் சறுக்கல் நடக்கும். மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று கை தானாக எழுதிவிடும். உண்மையில் 100 × 100 × 100, அதாவது பத்து லட்சம்.

லிட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம் பிடிக்கும் அளவே ஒரு லிட்டர். எனவே 1 லிட்டர் = 1000 கன சென்டிமீட்டர், 1 கன மீட்டர் = 1000 லிட்டர். மில்லிலிட்டரும் கன சென்டிமீட்டரும் ஒன்றேதான்.

இதை வைத்து ஓர் அழகான கணக்கு போடலாம். மழையை ஏன் மில்லிமீட்டரில், அதாவது நீளத்தில் சொல்கிறார்கள்? 1 சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 0.001 கன மீட்டர், அதாவது சரியாக 1 லிட்டர். ஆகவே 'மில்லிமீட்டர் மழை' என்பதும் 'சதுர மீட்டருக்கு இத்தனை லிட்டர்' என்பதும் ஒரே எண். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அங்கே 25 மில்லிமீட்டர் பெய்தால் விழுந்த நீர் 2,50,000 லிட்டர். ஏக்கரில் வேண்டுமா? ஏக்கர் 43,560 சதுர அடி, அதாவது 4047 சதுர மீட்டருக்கு ஒரு துளி குறைவு. ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஒரே பெயர், வேறு வேறு அளவு

ஒருமுறை ஒரு பம்பின் விவரத்தாள் வந்தது. பாய்வு வீதம் நிமிடத்துக்கு 120 கேலன் என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். எந்த கேலன்? அமெரிக்க கேலன் 231 கன அங்குலம். 2.54-ஐ மும்முறை பெருக்கி 231-ஆல் பெருக்கினால் 3785.4 கன சென்டிமீட்டர் வருகிறது, அதுதான் அந்த 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.54609 லிட்டர். இரண்டையும் போட்டுப் பார்த்தேன்:

120 கேலன்/நிமிடம் × (3.7854 லிட்டர்/1 கேலன்) × (60 நிமிடம்/1 மணி) × (1 கன மீட்டர்/1000 லிட்டர்) = மணிக்கு 27.3 கன மீட்டர்

பிரிட்டிஷ் கேலன் என்றால் அதே வரி மணிக்கு 32.7 கன மீட்டர் என்று முடிகிறது. 20 சதவீத வித்தியாசம். குழாயின் விட்டமே மாறிவிடும். அனுப்பியவர்களிடம் கேட்டு, எந்த கேலன் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் தாளில் கையெழுத்திட்டேன்.

இப்படிப் பெயர் ஒன்று, அளவு வேறு என்று இருப்பவை இன்னும் சில உண்டு. டன் என்றால் 1000 கிலோவா, 2000 பவுண்டா (907 கிலோ), 2240 பவுண்டா (1016 கிலோ)? அவுன்ஸ் சாதாரணமாக 28.35 கிராம், தங்கம் வெள்ளிக்கு உரிய டிராய் அவுன்ஸ் என்றால் 31.10 கிராம். திரவ அவுன்ஸ் எடையே அல்ல, கன அளவு. குதிரைத்திறனிலும் 735.5 வாட் ஒன்று, 745.7 வாட் ஒன்று. உணவுப் பொட்டலத்தில் கலோரி என்று பேச்சுக்குச் சொல்வது உண்மையில் கிலோகலோரி, அதாவது ஆயிரம் கலோரி. 1 கலோரிக்கு 4.184 ஜூல்.

பவுண்டு இன்னும் ஒருபடி மேலே. அது நிறையையும் குறிக்கும், விசையையும் குறிக்கும். நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடையும்போது தொலைந்துபோனது. சிறு உந்துவிசைகளின் கணத்தாக்கத்தை (விசை × நேரம்) தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. 1 பவுண்டு-விசை 4.45 நியூட்டன். ஒவ்வொரு சிறு தள்ளலும் 4.45 மடங்கு குறைவாகக் கணக்கில் ஏறியது. மாதக்கணக்கில் அது சேர்ந்து, கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் காற்றுமண்டலத்துக்குள் போய்விட்டது. இரண்டு மென்பொருளுக்கும் நடுவில் போனது வெறும் எண், அலகு கூடப் போகவில்லை.

லிட்டரிலிருந்து கிலோவுக்கு

நீளத்தை நீளமாக மாற்றலாம், எடையை எடையாக மாற்றலாம். கன அளவை எடையாக மாற்ற வேண்டுமென்றால் பொருளின் அடர்த்தி தெரிய வேண்டும். அது உலகப் பொதுவான எண் அல்ல, பொருளுக்குப் பொருள் மாறும், வெப்பநிலைக்கும் மாறும். தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ என்பதால் எல்லாத் திரவத்துக்கும் அப்படித்தான் என்று பழகிவிடுகிறோம்.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் விமானம் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் போக வேண்டும். போயிங் 767, அந்த நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிட்ட புதிய ரகம். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தொட்டியில் கோல் விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. எத்தனை லிட்டர் ஏற்றுவது? அவர்கள் கையிலிருந்த காரணி 1.77. அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பது. கிலோவில் என்றால் 0.803 வந்திருக்க வேண்டும்.

போட்ட கணக்கு இது: 7,682 × 1.77 = 13,597. 22,300-லிருந்து கழித்தால் 8,703. அதை 1.77-ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். அவ்வளவுதான் ஏற்றினார்கள்.

போட்டிருக்க வேண்டிய கணக்கு: 7,682 × 0.803 = 6,169 கிலோ. இன்னும் தேவை 16,131 கிலோ. அதை 0.803-ஆல் வகுத்தால் 20,088 லிட்டர்.

முதல் கணக்கை அலகோடு எழுதிப் பாருங்கள். 7,682 லிட்டர் × 1.77 பவுண்டு/லிட்டர் = 13,597 பவுண்டு. 22,300 கிலோவிலிருந்து 13,597 பவுண்டைக் கழிப்பதா? அந்த இடத்திலேயே கை நின்றிருக்கும். எண்களை மட்டும் எழுதியதால் கழித்தல் தடையில்லாமல் நடந்துவிட்டது. விமானத்தில் இருந்தது மொத்தம் 22,300 பவுண்டு, கிலோவில் பத்தாயிரத்துக்குச் சற்று மேலே. தேவையில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. விமானி பியர்சன் விமானத்தைக் கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதை எப்போது படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மருத்துவப் பரிசோதனைத் தாளிலும் இதே கதைதான். இரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், வேறு சில நாடுகளில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும் சொல்வார்கள். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. இரத்தத்தில் உள்ள சர்க்கரையான குளுக்கோஸின் ஒரு மோல் 180 கிராம், எனவே ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். லிட்டருக்கு 10 டெசிலிட்டர். ஆக ஒரு மில்லிமோல்/லிட்டர் என்பது 18 மில்லிகிராம்/டெசிலிட்டர். 5.5 என்று இருந்தால் 99. ஆனால் அதே 18-ஐக் கொலஸ்ட்ராலுக்குப் போடக் கூடாது. அது வேறு மூலக்கூறு, அதற்கு 38.67.

பெருக்கினால் மட்டும் போதாத இடங்கள்

வெப்பநிலைக்கு 'ஒன்றால் பெருக்கு' என்பது நேரடியாக ஒத்துவராது, ஏனென்றால் செல்சியஸின் பூஜ்ஜியமும் பாரன்ஹீட்டின் பூஜ்ஜியமும் ஒரே இடத்தில் இல்லை. செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டினால் பாரன்ஹீட். திரும்பி வர, முதலில் 32 கழித்து, அப்புறம் 1.8-ஆல் வகுக்க வேண்டும். வரிசை மாறினால் விடை போயிற்று. சரியாகப் போடுகிறோமா என்று பார்க்க ஒரு நல்ல எண் −40: இரண்டு அளவிலும் அது −40 தான். கெல்வினுக்கு 273.15 கூட்டினால் போதும்.

ஆனால் வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு. 'வெப்பநிலை 1.5 பாகை செல்சியஸ் உயர்ந்தது' என்பதை மாற்றும்போது 32-ஐக் கூட்டவே கூடாது. வித்தியாசத்தில் இரண்டு பக்கமும் உள்ள 32 ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எனவே 1.5 × 1.8 = 2.7 பாகை பாரன்ஹீட். இதில் 32-ஐயும் கூட்டி 34.7 பாகை உயர்வு என்று எழுதிய தாள்களை நான் கண்டிருக்கிறேன். வெப்பமாற்றிக் கணக்குகளில் இது மிகவும் ஆபத்தான இடம், அங்கே வருவதெல்லாம் வித்தியாசங்கள்தான்.

எரிபொருள் சிக்கனம் இன்னொரு வகை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதும் தலைகீழ் உறவு கொண்டவை. 100-ஐ ஒன்றால் வகுத்தால் மற்றது. 20 கி.மீ./லிட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். அமெரிக்க கேலனுக்கு இத்தனை மைல் என்று கொடுத்திருந்தால் 235.2-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்: 30 மைல் என்றால் 7.84 லிட்டர். தலைகீழ் உறவு கண்ணை ஏமாற்றும். 10 கி.மீ./லிட்டர் ஓடும் வண்டி 12 ஆனால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 ஓடும் வண்டி 24 ஆனால் மிச்சம் 0.83 லிட்டர்தான். எண்ணில் பெரிய முன்னேற்றம் இரண்டாவது, எரிபொருளில் பெரிய முன்னேற்றம் முதலாவது.

கணினிக்கு வந்தால் இரண்டே விஷயம். ஒரு பைட்டுக்கு 8 பிட். இணைய வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். எனவே விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட்தான் இறங்கும். இரண்டாவது, 1 டெராபைட் என்று எழுதிய வட்டைக் கணினியில் செருகினால் 931 ஜிகாபைட் என்று காட்டுவது. வட்டு செய்தவர் ஜிகாவை 1000 × 1000 × 1000 என்று எண்ணினார், கணினி 1024 × 1024 × 1024 என்று எண்ணியது. எதுவும் காணாமல் போகவில்லை.

எத்தனை தசம இடம்?

ஒருவர் 'சுமார் 6 அடி உயரம்' என்று சொன்னால், அதை 1.8288 மீட்டர் என்று எழுதுவது உண்மைக்கு மாறானது. சொன்னவருக்கு மில்லிமீட்டர் தெரியாது. 1.8 மீட்டர் என்று எழுதுங்கள். மாற்றுவதால் துல்லியம் கூடாது. 1868-ல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் வெளியிட்ட சராசரி உடல் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ். அதைப் பாரன்ஹீட்டில் மாற்றியபோது 98.6 வந்தது. செல்சியஸில் முழு எண்ணாக இருந்தது, பாரன்ஹீட்டில் தசம இடம் வரை அளந்தது போலத் தோற்றம் பெற்றுவிட்டது.

அதே சமயம் கணக்கின் நடுவில் எண்ணைச் சுருக்காதீர்கள். எல்லா இலக்கங்களையும் கடைசி வரை கொண்டுபோய், விடையில் மட்டும் சுருக்குங்கள். வரைபடத்தில் 0.01 அங்குலம் வரை பார்த்துச் செய்ய வேண்டும் என்றிருந்தால், அது 0.254 மில்லிமீட்டர். அப்போது விடையை மில்லிமீட்டரில் ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினால் போதும்.

சரிபார்க்கும் விதம்

முதலில் திசையைப் பாருங்கள். சிறிய அலகுக்கு மாறினால் எண் பெரிதாக வேண்டும். மீட்டரை அடியாக்கி எண் குறைந்திருந்தால் மேற்கொண்டு போகாதீர்கள். அப்புறம் மனக்கணக்கு. மைலுக்கு 1.6 கிலோமீட்டர், கிலோவுக்கு 2.2 பவுண்டு, ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர், மீட்டருக்கு மூன்றேகால் அடி. எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: 1, 2, 3, 5, 8, 13, 21, 34 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் ஃபிபனாச்சி வரிசை. அதில் ஓர் எண் மைல் என்றால் அடுத்த எண் ஏறக்குறைய கிலோமீட்டர். 5 மைல் 8 கிலோமீட்டர், 21 மைல் 34 கிலோமீட்டர். அந்த வரிசையின் விகிதம் 1.618-ஐ நெருங்கும், மைலுக்கு 1.609. தற்செயல்தான், ஆனாலும் நன்றாகக் கைகொடுக்கும்.

பலரும் செய்யும் சோதனை, விடையைத் திருப்பி மாற்றிப் பார்ப்பது. அது நீங்கள் போட்ட கூட்டல் பெருக்கலைத்தான் சரிபார்க்கும். காரணியே தவறாக இருந்தால் கண்டுபிடிக்காது. 4,917 லிட்டரை மறுபடியும் 1.77-ஆல் பெருக்கி 13,597-ஐக் கூட்டுங்கள், 22,300 அப்படியே வரும். எனவே வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வர வேண்டும்.

கடைசியாக ஒரு முழுக் கணக்கு. ஓர் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு-விசை காட்டுகிறது. 'பார்' என்ற அழுத்த அலகில் எவ்வளவு? அட்டவணை வேண்டாம். பவுண்டு 0.45359237 கிலோ. அதை விசையாக்க நியம ஈர்ப்பு முடுக்கம் 9.80665-ஆல் பெருக்கினால் 4.44822 நியூட்டன். அங்குலம் 0.0254 மீட்டர், எனவே சதுர அங்குலம் 0.00064516 சதுர மீட்டர். 4.44822-ஐ 0.00064516-ஆல் வகுத்தால் 6,894.8 நியூட்டன்/சதுர மீட்டர், அதாவது பாஸ்கல். 35 மடங்கு என்றால் 2,41,317 பாஸ்கல். ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல், எனவே 2.41 பார்.

இப்போது வேறு வழி. நியம வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு-விசை. 35 ÷ 14.7 = 2.38 வளிமண்டலம். ஒரு வளிமண்டலம் 1,01,325 பாஸ்கல், அதாவது 1.013 பார். 2.38 × 1.013 = 2.41. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. தாளின் ஓரத்தில் இந்த இரண்டாவது வழியையும் எழுதியிருந்தால், நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.